மர்ஸாஷ்லொக்கில் ஒரு வேளைச் சாப்பாடு: படகுத்துறையா, சந்தையா, சதுக்கமா?

மால்டா தீவின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் மீனவ ஊர் மர்ஸாஷ்லொக். தலைநகர் வல்லெட்டாவிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர். 81 அல்லது 85 பேருந்தில் ஏறினால் ஊருக்குள்ளேயே கொண்டுவந்து விடும். விமான நிலையத்திலிருந்து வருகிறவர்களுக்கு 119. மஞ்சள், நீலம், சிவப்பு, பச்சை என்று பட்டை பட்டையாக வண்ணம் பூசி, முகப்பில் இரண்டு கண்கள் வைத்த மரப்படகுகளை மால்டா பற்றிய படங்களில் பார்த்திருப்பீர்கள். லூட்ஸு என்று பெயர். அவை கூட்டமாக நிற்கிற துறை இதுதான்.

ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் இங்கேதான் கூட்டிப்போவேன். "எங்கே சாப்பிடலாம்?" என்ற கேள்வி பேருந்திலேயே வந்துவிடும். நியாயமான கேள்விதான். படகுத்துறையை ஒட்டி உணவகங்கள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. எல்லா வாசலிலும் ஒரே மாதிரி பலகை, அதே மீன், அதே கடல். முதல்முறை வருகிறவருக்கு எதில் நுழைந்தாலும் ஒன்றுதான் என்று தோன்றும்.

உணவகத்துக்கு உணவகம் வித்தியாசம் உண்டு. ஆனால் தட்டில் வருவதைத் தீர்மானிப்பதில் அதைவிடப் பெரிய பங்கு மூன்று விஷயங்களுக்கு: எந்தக் கிழமை, எந்த மாதம், எந்த மீன். இதை மனதில் வைத்துக்கொண்டு இடத்தைத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம் குறைவு. கடைப்பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தால், நல்ல கடையிலும் சுமாரான சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போக நேரும்.

ஞாயிறும் மற்ற நாட்களும்

எல்லாப் பயண வழிகாட்டிகளும் ஞாயிறு போகச் சொல்லும். அன்றைக்குத்தான் பெரிய மீன்சந்தை. படகுத்துறை நெடுக, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தற்காலிகக் கடைகள். மீன் ஒரு பகுதியில் மட்டும்தான். மீதி நீளமெல்லாம் காய்கறி, தேன், கேப்பர் மொட்டு ஊறுகாய், பாலாடைக்கட்டி, மேசைவிரிப்பு, குழந்தைகள் துணி, நினைவுப்பொருள். காலையில் சீக்கிரம் வருகிற உள்ளூர்க்காரர்கள் மீனை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பத்து மணிக்கு மேல் நடக்க இடமிருக்காது. மதியம் தாண்டினால் கடைகளைப் பிரிக்கத் தொடங்குவார்கள்.

பார்க்க வேண்டிய கூட்டம்தான், சந்தேகமில்லை. ஆனால் சாப்பிட அது சரியான நாள் இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஞாயிறு மதியம் என்பது மால்டாக் குடும்பங்கள் தாத்தா பாட்டி பேரப்பிள்ளைகளோடு வெளியே வந்து நீண்ட நேரம் உட்கார்ந்து சாப்பிடும் வேளை. நல்ல மேசைகள் எல்லாம் முன்கூட்டியே போயிருக்கும். சமையலறை திணறும். எதிரே கடலுக்கும் உங்கள் மேசைக்கும் நடுவில் சந்தைக் கடைகளின் முதுகு நிற்கும். கடலோரம் உட்கார்ந்து சாப்பிடுவதற்குத்தான் கூடுதலாகக் காசு கொடுக்கிறோம், அந்தக் கடலே அன்றைக்குத் தெரியாது.

செவ்வாய் முதல் வெள்ளி வரை ஏதாவது ஒரு நாள் மதியம் வந்து பாருங்கள். துறையில் நினைவுப்பொருள் கடைகள் சில இருக்கும். மீனவர்கள் வலையைப் பிரித்துப்போட்டு ஓட்டை பார்த்துக்கொண்டிருப்பார்கள். பரிமாறுகிறவருக்கு உங்களிடம் நின்று பேச நேரம் இருக்கும், மீனைக் கொண்டுவந்து காட்டவும் நேரம் இருக்கும். இந்த ஊரில் அந்த உரையாடல்தான் பாதிச் சாப்பாடு.

சந்தையையும் பார்க்கவேண்டும், நல்லபடி சாப்பிடவும் வேண்டும், கையில் இருப்பதோ ஒரே ஒரு ஞாயிறு என்றால் எட்டு மணிக்கு முன்பே வந்துவிடுங்கள். சந்தையைப் பார்த்து, சதுக்கத்தில் தேநீர் குடித்து, மதியச் சாப்பாட்டைக் கையில் வாங்கிக்கொண்டு டெலிமாரா என்ற கடல்முனைப் பக்கம் நடந்துவிடுங்கள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

எந்த மாதம், எந்த மீன்

மால்டாவின் மீன் நாட்காட்டியில் ஒரு தேதி முக்கியம்: ஆகஸ்ட் 15. அன்றுதான் லம்பூக்கி பிடிக்கும் பருவம் தொடங்குகிறது. டிசம்பர் வரை போகும். வேறு நாடுகளில் மாஹி மாஹி, டொராடோ என்று சொல்லும் அதே மீன். தங்கமும் பச்சையுமாக மின்னும், மேலே ஏறிய நெற்றி, வேகமாக வளரும் இனம். இதைப் பிடிக்கும் முறை அழகானது. பனையோலைகளை மிதவையில் கட்டி, கனமான கல்லால் நங்கூரமிட்டு, நிலத்திலிருந்து கடலுக்குள் கோடு போட்டதுபோல வரிசையாக மிதக்கவிடுகிறார்கள். கன்னிட்ஸாத்தி என்று பெயர். வெயிலில் லம்பூக்கிகள் அந்த ஓலை நிழலுக்கு அடியில் வந்து கூடும். படகு வந்து சுற்றிலும் வலைபோட்டு எடுக்கும். யாருக்கு எந்தக் கடல்வரிசை என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்கிறார்கள்.

செப்டம்பரிலும் அக்டோபரிலும் வருகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், லம்பூக்கி சாப்பிடுங்கள். அந்த மாதங்களில் அது ஊரெல்லாம் கிடைக்கும், விலையும் கட்டுக்குள் இருக்கும். சதை உறுதியானது, முள் தொல்லை குறைவு. வறுத்தோ, தக்காளி, ஆலிவ், கேப்பர் சேர்த்த குழம்பிலோ தருவார்கள். கேட்டால் நான் வறுத்ததைத்தான் சொல்வேன். மீனின் இனிப்பு அதில்தான் தெரியும்.

மற்ற மாதங்களில் கொஞ்சம் கவனம் வேண்டும். வருடம் முழுவதும் பலகையில் இருக்கும் ஸீ பாஸ், ஸீ ப்ரீம் இரண்டும் பெரும்பாலும் வளர்ப்பு மீன். கெட்டது என்று சொல்லமாட்டேன். மத்தியதரைக் கடல் ஊர்கள் எல்லாவற்றிலும் அதே மீன் அதே சுவையில் கிடைக்கும், அதற்காக மர்ஸாஷ்லொக் வரவேண்டியதில்லை. நீலத்துடுப்புச் சூரை மால்டாவின் பெரிய ஏற்றுமதி, ஆனால் பெரும்பகுதி ஜப்பானுக்குப் போய்விடுகிறது. பேய்க்கணவாய், கணவாய், வாள்மீன் ஆகியவை அவற்றைவிட நல்ல தேர்வு.

குளிர்காலத்தில் கடல் கொந்தளிக்கும் நாட்களும் உண்டு. 1989 டிசம்பர் 2, 3 தேதிகளில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் சந்தித்த உச்சிமாநாடு இந்த விரிகுடாவில் நின்ற சோவியத் கப்பலில்தான் நடந்தது. புயல் அடித்ததில் புஷ் தன் கப்பலைவிட்டு நகரமுடியாமல், முதல்நாள் மாலைப் பேச்சும் இரவு விருந்தும் ரத்தாயின. அந்தப் பெரிய கப்பல்களுக்கே அந்தக் கதி என்றால் சின்னப் படகுகள் அப்படிப்பட்ட நாளில் எங்கே வெளியே போவது? தொடர்ந்து இரண்டு மூன்று நாள் பலத்த காற்று அடித்திருந்தால் "இன்று காலை பிடித்தது" என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆங்கிலம் இங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று, அதனால் கேட்பதில் சிரமமில்லை. உட்கார்ந்ததும் உணவுப் பட்டியலைத் திறக்கும் முன் ஒரே கேள்வி: இன்று உள்ளூர்ப் படகில் வந்தது என்ன? பதில் தயங்காமல் வந்தால், கூடவே தட்டில் மீனும் வந்தால், அங்கேயே உட்காருங்கள். "எல்லாமே இன்று வந்ததுதான்" என்றால் எழுந்து அடுத்த வாசலுக்குப் போகலாம், தப்பில்லை.

படகுத்துறை மேசை

துறையோர உணவகங்களில் மேசைகள் சாலைக்கு மறுபுறம், தண்ணீரை ஒட்டிப் போட்டிருக்கும். குடைக்குக் கீழே உட்கார்ந்தால் லூட்ஸுகள் காலடியில் ஆடும். இதற்காகத்தான் எல்லோரும் வருகிறார்கள், அந்த ஆசை எனக்கும் உண்டு. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், படங்களில் அது இருக்காது: எதிர்க்கரையில் டெலிமாரா மின்நிலையமும், அதற்கு எரிவாயு கொடுக்கும் பெரிய கப்பலும் நிற்கின்றன. விரிகுடாவின் இன்னொரு பக்கம் சரக்குத் துறைமுகத்தின் பளுதூக்கிகள். இது உழைக்கிற துறைமுகம், அதை அப்படியே ஏற்றுக்கொண்டால் காட்சி நன்றாகவே இருக்கும்.

இங்கே செலவு எங்கே கூடுகிறது என்பதைப் புரிந்துகொள்ளவேண்டும். முழு மீனை எடைக்கு விற்பார்கள். பலகையில் போட்டிருப்பது கிலோ விலை, அல்லது "சந்தை விலை" என்று மட்டும் இருக்கும். கிலோ நாற்பது யூரோ என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மேசைக்கு வரும் மீன் ஒன்றேகால் கிலோ இருந்தால் அந்த ஒரு தட்டுக்கே ஐம்பது யூரோ. இரண்டு பேர் பகிர்ந்தால் சரி, ஒருவருக்கு என்றால் அதிர்ச்சி. அதனால் சமைக்கும் முன்பே எடைபோட்டு, மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள், உள்ளூர்க்காரர்களும் கேட்கிறார்கள்.

என் யோசனை, முழு மீனுக்குப் போகும் முன் அல்யோத்தா சொல்லுங்கள். பூண்டு, தக்காளி, மார்ஜரம் இலை, கொஞ்சம் அரிசி போட்டுக் கொதிக்கவைத்த மீன்சாறு. சின்னச் சின்ன முள்மீன்களின் தலையும் எலும்பும் கொடுக்கும் ருசி அது. எலுமிச்சை பிழிந்து, ரொட்டியைக் கிழித்துத் தோய்த்துச் சாப்பிடும்போது மிளகாயே இல்லையே என்ற நினைப்பு வராது. அதோடு ஒரு பேய்க்கணவாய்க் குழம்பு, இரண்டு பேருக்கு ஒரு மீன். போதும். பலர் முதலில் பாஸ்தாவும் பிறகு மீனும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் பாதியை வைத்துவிட்டுப் போகிறார்கள். இங்கே பாஸ்தாத் தட்டு முழுச் சாப்பாட்டு அளவு. கடலுணவு ஸ்பகெட்டி ஒன்று சொன்னால் பசியுள்ள ஒருவருக்கே நிறைந்துவிடும்.

மது தொடாதவர்கள் கவனிக்க: பேய்க்கணவாய்க் குழம்பை வழக்கமாகச் சிவப்பு ஒயின் ஊற்றித்தான் செய்வார்கள். முயல் குழம்பிலும் ஒயின் உண்டு. அல்யோத்தாவிலும் வறுத்த லம்பூக்கியிலும் வழக்கமாக இருக்காது, ஆனாலும் கேட்டுவிடுவது நல்லது.

இதே துறையில் கொஞ்சம் நவீனமாக, கொஞ்சம் அதிக விலையில் சமைக்கும் இடங்களும் உண்டு. டார்டாருன் அப்படிப்பட்டது, பச்சை மீன் துண்டுகள், இறால் வகைகள், அலங்காரத் தட்டுகள். இர்-ரிட்ஸு போன்றவை பழைய பாணி மீன் உணவகங்கள். திருமண நாள், பெற்றோருக்கு ஒரு நல்ல விருந்து என்று ஏதாவது விசேஷம் என்றால் முதல் வகை பொருந்தும், முன்பதிவு அவசியம். குழந்தைகளோடு வருகிற குடும்பம் என்றால் எனக்கு இரண்டாவது வகைதான். மீனை ஆள்விட்டு முள்ளெடுத்துத் தரச் சொன்னால் மேசைக்குப் பக்கத்திலேயே எடுத்துத் தருவார்கள்.

சதுக்கம்: தேநீரும் ரொட்டியும்

பொம்பெய் மாதா கோயில் துறையிலிருந்து சில எட்டு தூரத்தில் இருக்கிறது. அதன் முன்னால் இருக்கும் சதுக்கத்தையும் சுற்றியுள்ள சின்ன பார்களையும் பயணிகள் தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்த ஊரை நான் விரும்புவதற்கு முக்கியக் காரணமே அந்த இடம்தான்.

மால்டாவின் பழைய பார்களில் தேநீரைக் கண்ணாடி டம்ளரில் தருவார்கள். கெட்டிப் பால் ஊற்றிய, கடுமையான, நிறம் ஏறிய தேநீர். நம் ஊர் டீக்கடை மேடையில் கிளாஸை விளிம்பில் பிடித்துக்கொண்டு குடிப்பதுபோலவே இங்கே மீனவர்கள் குடிக்கிறார்கள். ஐரோப்பாவில் சூடு ஆறிய தேநீர்ப் பையோடு மல்லாடியவர்களுக்கு இது ஒரு விடுதலை. அத்தோடு பஸ்திட்ஸி: அடுக்கடுக்கான மாவுக்குள் ரிகோட்டா பாலாடை, அல்லது மசித்த பட்டாணி. விலை ஒரு யூரோவுக்குள். பட்டாணி வைத்தது நம் நாக்குக்குச் சட்டென்று பிடிக்கும். அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டில் சாப்பிடவேண்டும். ஆறிவிட்டால் எண்ணெய்தான் தெரியும். அதனால் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருப்பதை வாங்காமல், அடுத்த தட்டு எப்போது வரும் என்று கேட்டு நில்லுங்கள்.

மதியத்துக்கு ஹொப்ஸ் பிஸ்-ஸெய்த். தடித்த மேலோடுள்ள மால்டா ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, சூரைமீன், கேப்பர், ஆலிவ், வெங்காயம், சில இடங்களில் பீன்ஸ் விழுது வைத்துத் தருவார்கள். ஃப்திரா என்ற தட்டை ரொட்டியில் வைத்தும் கிடைக்கும். இந்த ஃப்திரா செய்யும் மரபை 2020இல் யுனெஸ்கோ பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் வந்ததற்காக இல்லாவிட்டாலும் சாப்பிடலாம். துறையோரத்தில் ஒரு மீன் தட்டுக்குக் கொடுக்கும் காசில் ஒரு குடும்பமே இதைச் சாப்பிட்டு எழுந்துவிடும். வயிறும் கனக்காது.

லம்பூக்கிப் பருவத்தில் அடுமனைகளில் லம்பூக்கி தோர்த்தா கிடைக்கிறதா என்று பாருங்கள். மீன், கீரை, காலிஃப்ளவர், ஆலிவ், சில வீடுகளில் உலர்திராட்சையும் வால்நட்டும் சேர்த்து மாவுக்குள் வைத்துச் சுடுவது. முதல் கடிக்குக் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். மூன்றாவது கடிக்குள் பழகிவிடும்.

சமையலறை உள்ளவர்களுக்கு மீன்சந்தை

சில நாள் அடுக்குமாடி வீடு எடுத்துத் தங்குகிறவர்களுக்கு, நான்கைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு, என் கணக்கில் இதுதான் முதல் இடம். மீனை வாங்கிக்கொண்டு போய் நீங்களே வறுத்துவிடுங்கள். ஊரிலிருந்து மிளகாய்த்தூள் கொண்டுவந்திருப்பீர்கள்தானே.

செவுள் சிவப்பாக, கண் தெளிவாகப் புடைத்து, வயிறு அழுத்தினால் மீண்டு வரவேண்டும் என்ற நம் வீட்டுப் பாடம் இங்கேயும் செல்லும். பெரிய மீனில் துண்டு போட்டு எடை போடுவார்கள். சுத்தம் செய்துதரச் சொன்னால் செய்துதருவார்கள். இறாலையும் கணவாயையும் வாங்கும்போது எங்கிருந்து வந்தது என்று எழுதியிருப்பதைப் பாருங்கள், எல்லாம் இந்தக் கடலில் பிடித்தது இல்லை. கடை விரித்து இரண்டு மூன்று மணி நேரம் வெயிலில் கிடந்த மீனைத் தவிர்த்து, காலையிலேயே வாங்குங்கள். கோடையில் பேருந்தில் அரை மணிக்கு மேல் போகவேண்டும் என்பதால் ஐஸ் போட்ட பை இல்லாமல் வராதீர்கள்.

மீனைவிட எனக்கு ஆசை தருவது அதே சந்தையின் சின்னப் பொருட்கள்தான். மிளகு உருட்டிய ஜ்பெய்னா என்ற ஆட்டுப்பால் கட்டி, உப்பில் போட்ட கேப்பர், வெயிலில் காயவைத்த தக்காளி, காட்டுத்தைம் பூத்தேன். அப்புறம் சுடச்சுட இம்ஆரெத்: பேரீச்சை விழுதை மாவில் பொதிந்து, சாய்சதுரமாக வெட்டி எண்ணெயில் பொரித்தது, சோம்பு வாசனையோடு. இதை நடந்துகொண்டே சாப்பிடலாம்.

கையில் பொட்டலத்தோடு டெலிமாரா

செயின்ட் பீட்டர்ஸ் பூல் என்ற இயற்கைக் குளியல் குளம் டெலிமாரா முனையில் இருக்கிறது. ஊரிலிருந்து நடந்தால் முக்கால் மணி நேரம் போல ஆகும். கோடையில் துறையிலிருந்து படகும் போகிறது. வெளிர்மஞ்சள் பாறைத் தட்டுகள், பச்சை நீலத் தண்ணீர். நிழல் இல்லை, உயிர்காப்பாளர் இல்லை. சாப்பாட்டைக் கையில் கொண்டுபோவதுதான் சரி. ஹொப்ஸ் பிஸ்-ஸெய்த் இதற்கென்றே பிறந்தது: நேரம் ஆக ஆக எண்ணெயும் தக்காளியும் ரொட்டிக்குள் ஊறி இன்னும் நன்றாக இருக்கும். தண்ணீர் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். சிறு குழந்தைகளோடும் முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடும் இந்தத் தேர்வு வேண்டாம்.

பாட்டிலையும் டப்பாவையும் அங்கேயே போட்டுவிட்டு வராதீர்கள். மால்டாவில் 2022 முதல் பானப் பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் பத்து சென்ட் வைப்புத்தொகை பிடிக்கிறார்கள். இயந்திரத்தில் திருப்பிப் போட்டால் காசு திரும்பக் கிடைக்கும்.

குடிக்க

முதலில் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி கடல்நீரைச் சுத்திகரித்தது. குடித்தால் ஒன்றும் ஆகாது, ஆனால் சுவை பலருக்குப் பிடிப்பதில்லை. உள்ளூர்க்காரர்களும் பாட்டில்தான் வாங்குகிறார்கள். மேசையில் தண்ணீருக்கும் பணம் உண்டு.

கின்னியைக் கட்டாயம் ஒருமுறை குடித்துப் பாருங்கள். கசப்பு நாரத்தையும் மூலிகைகளும் சேர்ந்த பழுப்பு நிறக் குளிர்பானம், 1952 முதல் இங்கே தயாராகிறது. முதல் வாய்க்குக் கஷாயம்தான். எண்ணெயில் வறுத்த மீனுக்குப் பக்கத்தில் வைத்தால் அந்தக் கசப்பு வாயைச் சுத்தம் செய்துவிடும். குழந்தைகளுக்கு வாங்கித்தந்து வீணாக்காதீர்கள்.

பியர் குடிக்கிறவர்களுக்கு சிஸ்க். 1929இல் தொடங்கிய உள்ளூர் பியர், இலகுவானது, வெயிலுக்கு ஏற்றது. ஒயின் என்றால் இந்தத் தீவுகளுக்கே உரிய இரண்டு திராட்சைகளைக் கேளுங்கள்: வெள்ளைக்குக் கிர்ஜென்தீனா, சிவப்புக்கு ஜெல்லேவ்ஸா. மீனோடு கிர்ஜென்தீனா மென்மையாக ஒத்துப்போகும். இத்தாலிய ஒயின்கள் பலகையில் நீளமாக இருக்கும், அவற்றை வேறு எங்கேயும் குடிக்கலாம்.

சாப்பிட்ட இடத்திலேயே உட்கார்ந்து குடிக்கவேண்டும் என்று இல்லை. மதியம் துறையில் சாப்பிட்டு, மாலையில் சதுக்கத்து பாரில் வந்து உட்காருவது செலவிலும் குறைவு, பேச்சிலும் நிறைவு. இந்தத் துறைமுகம் தென்கிழக்கு பார்த்தது. சூரியன் டெலிமாரா மேட்டின் பக்கம் எழுந்து ஊருக்குப் பின்னால் இறங்கும். ஆகவே கடலில் மறைகிற சூரியனைப் பார்க்க வருகிறவர்களுக்கு இது ஊரல்ல. கோடை மாலையில் துறையில் சீக்கிரமே நிழல் விழுந்துவிடும் என்பது நமக்கு லாபம்தான்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

மீனவ ஊரில் சைவர்களுக்கு என்ன இருக்கும் என்று பயப்படவேண்டாம். பிஜில்லா என்ற பீன்ஸ் விழுது, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் போட்டது, பிஸ்கட்போல மொறுமொறுப்பான கலெத்தியோடு வரும். கபுனாத்தா: கத்திரிக்காய், தக்காளி, குடைமிளகாய், கேப்பர் வதக்கல். ரிகோட்டா வைத்த ரவியூல் என்ற பாஸ்தா, தக்காளிக் குழம்போடு. ஜ்பெய்னா போட்ட சாலட். இவற்றில் இரண்டைச் சேர்த்தால் நல்ல மதியச் சாப்பாடு.

கண்டிப்பாகச் சொல்லவேண்டியவை சில. ஹொப்ஸ் பிஸ்-ஸெய்த்தில் சூரைமீன் இருப்பதுதான் இயல்பு; வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். பஸ்திட்ஸி மாவில் சில கடைகள் பன்றிக்கொழுப்பு சேர்க்கும் வழக்கம் உண்டு, கேட்டு வாங்குங்கள். காய்கறி சூப்பிலும் மாமிசச் சாறு இருக்கலாம். மீன் வறுத்த எண்ணெயிலேயே உருளைக்கிழங்கு பொரித்திருந்தால் மனசு ஒப்பாதவர்கள், துறையோரத்தைவிடச் சதுக்கத்தில் சாப்பிடுவதே நிம்மதி. சைவப் பெரியவர் ஒருவர் குழுவில் இருந்தால் மற்றவர்களும் அன்றைக்குச் சதுக்கத்துக்கு வந்துவிடுங்கள். அவர் மட்டும் எல்லோரும் மீன் முள்ளெடுப்பதைப் பார்த்துக்கொண்டு ரொட்டியைக் கடித்தபடி உட்காரவேண்டியதில்லை.

நேரமும் பணமும்

பல உணவகங்களில் மதியச் சமையல் மூன்று மணியோடு முடிந்து, மறுபடி மாலை ஆறு ஆறரைக்குத்தான் தொடங்கும். நாலு மணிக்குப் பசியோடு வந்தால் கிடைப்பது சாண்ட்விச்தான். திங்கள்கிழமை சில இடங்கள் மூடியிருக்கும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். சேவைக்கு ஐந்து முதல் பத்து சதவீதம் வைப்பது வழக்கம். பில்லிலேயே சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வையுங்கள். சந்தையில் ரொக்கம் வேண்டும். ஞாயிறு மதியம் திரும்பும் பேருந்துகள் நிரம்பி வழியும், நிறுத்தத்தில் நிற்காமலே போகும். சந்தை கலையும் நேரத்துக்கு முன்போ, நன்றாகப் பிந்தியோ கிளம்புவது நல்லது.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்து என் தேர்வைக் கேட்டால், அக்டோபரில் ஒரு புதன்கிழமை, பன்னிரண்டரை மணிக்குத் துறையோர மேசை. அல்யோத்தா, வறுத்த லம்பூக்கி, ஒரு கின்னி. பிறகு சதுக்கத்தில் தேநீர். ஜூலையில் என்றால் பொட்டலத்தோடு டெலிமாரா, காலையிலேயே போய்விட்டு வெயில் உச்சிக்கு ஏறும் முன் திரும்பிவிடுவேன். ஜனவரியில், அதுவும் நாலு நாளாகக் காற்று அடித்து லூட்ஸுகள் எல்லாம் இறுகக் கட்டிக் கிடந்தால், மர்ஸாஷ்லொக்கில் தேநீரும் பஸ்திட்ஸியும் மட்டும்தான். அன்றைய சாப்பாட்டுக்கு மீனை மறந்துவிட்டு, தீவின் வடமேற்கில் இருக்கும் ம்ஜார் போய் முயல் குழம்பு சாப்பிடுவேன். வல்லெட்டா வழியாகப் பேருந்து மாறவேண்டும், நேரம் பிடிக்கும், அதனால் காலை பதினோரு மணிக்குள் இங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.